அரைக் கிண்ணம் மருந்து

வேட்டுச் சத்தத்தைக் கேட்டால் தூக்கத்திலும் எழுந்து உட்காரும் என் பிரியமான அப்பாவுக்கு,

பங்குனிப் பொங்கல் முடிந்துவிட்டது. துப்பாக்கி என்ன ஆயிற்று என்றுதானே முதலில் கேட்பீர்கள்? சொல்ல மாட்டேன். நான் எதைச் சொன்னாலும் பாதியில் புகுந்து பேசுவது உங்கள் வழக்கம். இந்தத் தடவையாவது முழுசாகக் கேளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் வீட்டுப் பழைய துப்பாக்கி வெடித்தால்தான் அம்மன் சப்பரம் நகரும். குண்டு கிடையாது, வெடிமருந்து மட்டும்தான். விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசும். பொறி பக்கத்திலிருக்கும் சின்னக் கிண்ணத்தில் விழும். அங்கே மருந்து பற்றிக்கொண்டு, ஊசி நுழைகிற அளவு ஓட்டை வழியாகத் தீ குழாய்க்குள் போக வேண்டும். மூன்று தடவை இழுத்தும் வெடிக்காவிட்டால் துப்பாக்கி மேலத்தெருவுக்குப் போய்விடும். பிறகு திரும்பி வராது. நாலு தலைமுறையாக நம்மிடம் இருப்பது.

நீங்கள் குழாய்க்கு மணிமணியான குருணை மருந்தும், கிண்ணத்துக்கு மாவு மருந்தும்தான் போடுவீர்கள். மாவைத் திருநீறு மாதிரி சலித்து, குவித்து வைப்பீர்கள். குறைத்துப் போடச் சொன்னால், "ஆத்தாளுக்குப் போடுறதுல என்ன கஞ்சத்தனம்?" என்பீர்கள். ஒரு வருஷம் யாரோ சொன்னார்கள் என்று புஸ்வாண மருந்தைப் போட்டீர்களே, நினைவிருக்கிறதா? கிண்ணத்தில் வெள்ளிப்பூ பூத்தது, குழாய் வாயே திறக்கவில்லை. கூட்டம் கைதட்டியது. எல்லோரையும்விட நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள். ஆனால் கடைசி இரண்டு வருஷமும் மூன்றாவது இழுப்பில்தான் வெடித்தது. அன்றைக்கெல்லாம் உங்களுக்குச் சோறு இறங்கவில்லை, எனக்குத் தெரியும்.

டீக்கடையில் யோசனை கேட்டீர்கள். சிவகாசி பஸ் கண்டக்டரிடம்கூடக் கேட்டீர்கள். திருத்தங்கல் பட்டாசுக் கம்பெனியில் பதினோரு வருஷமாகத் திரிக்கு மருந்து ஏற்றுகிற மகள், நான் வீட்டிலேயே இருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அந்த வருத்தம் எனக்கு உண்டு அப்பா, மறைக்க மாட்டேன்.

ஐப்பசியில் நீங்கள் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். துபாயிலிருக்கும் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் துப்பாக்கி சுடச் சாத்தூரிலிருந்து மாமா வந்தார். பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் கோடை மழை கொட்டித் தீர்த்தது. காலையிலும் காற்றில் ஈரம். மாமா அப்படியே உங்கள் மாதிரியே மாவு மருந்தைக் குவித்து வைத்தார்.

முதல் இழுப்பில் பொறி பறந்தது, மருந்து பற்றவே இல்லை. இரண்டாவதில் கிண்ணம் மட்டும் புஸ்ஸென்று எரிந்து மாமாவின் புருவத்தில் பாதியைக் கொண்டுபோனது. குழாய் கம்மென்று இருந்தது. மேலத்தெருக்காரர்கள் மெல்ல முன்னால் வந்து நின்றார்கள். அம்மா செல்போனைக் காதில் வைத்தபடியே நின்றாள், அந்தப் பக்கம் தம்பி.

எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன்.

"மாமா, மாவு ஈரத்தக் குடிச்சிருச்சு. குருணையப் போடுங்க."

"குருணை குழாய்க்குத்தானத்தா. கிண்ணத்துக்கு மாவுதான். ஒங்கப்பா அப்படித்தான் போடுவாக."

"எங்கப்பா மூணாவது தடவைலதான சுட்டாக. நமக்கு இருக்கதே அந்த ஒரு தடவதான்."

மழை பெய்தால் திரி அறையில் முதலில் பிசுபிசுப்பது மாவுதான், குருணை கொஞ்சம் தாங்கும் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் துப்பாக்கியை ஆறவிட்டு என்னிடம் நீட்டினார். "நீ போடுற மருந்து, நீயே சுடுத்தா."

கிண்ணத்தைக் காய்ந்த துணியால் துடைத்தேன். சேலைப் பின்னைக் கழற்றி ஓட்டையில் அடைத்திருந்த மாவைக் குத்தி எடுத்தேன். குருணையில் அரைக் கிண்ணம், அவ்வளவுதான். ஓட்டை வாயை மருந்து மூடாமல் பார்த்துக்கொண்டேன். கிண்ணத்து மருந்து பற்றினால் போதும் அப்பா, அது பலம் காட்ட வேண்டியதில்லை. நீங்கள் தொடவிடாத துப்பாக்கி என் தோளில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

வெடித்தது! வேப்பமரத்துக் காக்கை ஒன்று மிச்சமில்லை. சப்பரம் தூக்கிவிட்டார்கள். காது போச்சு என்று துபாயிலிருந்து தம்பி கத்தியது எனக்கே கேட்டது.

சுட்டவர் தலையில் கட்டும் பரிவட்டத்தோடு வந்த பூசாரி, என்னைப் பார்த்ததும் தயங்கினார். ஒரு பொம்பளை தலையில் அதுவரை கட்டியதில்லை. அம்மா அவர் கையிலிருந்து அதை வாங்கினாள். "சுட்டவளுக்குத்தான கட்டணும்? நான் கட்டுறேன், நகருங்க" என்று இறுக்கிக் கட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே அழுதாள். "அவுக இருந்திருந்தா ஒன் கையில குடுத்திருக்க மாட்டாக" என்றாள். நிஜம்தானா அப்பா? நான் கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களோ? நானும்தான் ஒரு நாளும் கேட்கவில்லை.

அடுத்த பங்குனிக்கும் நான்தான் சுடப்போகிறேன், ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். முதல் இழுப்பிலேயே வெடிக்க வைக்கிறேன், இது சத்தியம். அரைக் கிண்ணம்தான் போடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதற்கு மேல் உங்கள் பேரைச் சொல்லி ஒரு சிட்டிகை மாவு மட்டும் தூவுவேன். ஆத்தாளுக்குப் போடுவதில் கஞ்சத்தனம் கூடாது அல்லவா?

பரிவட்டத்தை இன்னும் அவிழ்க்க மனசில்லாமல்,
உங்கள் மூத்த மகள்
செல்வி