வலிக்காத இடம்

மார்ச் 4
இன்று மூன்று கேஸ். கடைசியாக ஒரு கணக்கு டீச்சர், வயிற்றுக் கொழுப்புக்கு. அல்ட்ராசவுண்ட் கம்பி உள்ளே போனால் கொழுப்பு வெண்ணெய் மாதிரி இளகிவிடும், அப்புறம் உறிஞ்சி எடுக்கவேண்டியதுதான். ஒரே சட்டம் — கம்பி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரே இடத்தில் நின்றால் உள்ளிருந்தே தோலைச் சுட்டுவிடும். பெரிய டாக்டர் இதை எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். மானிட்டர் கத்தியதும், "கொஞ்சம் பிடிம்மா" என்று கம்பியை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். நானும் மானிட்டரைப் பார்த்தேன். கை நின்றுவிட்டது. தொப்புளுக்கு இடப்பக்கம். எத்தனை நொடி? நாலா? பத்தா? மெஷின் பாட்டுக்கு ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 5
டீச்சரை வீட்டுக்கு அனுப்புமுன் கட்டை விலக்கிப் பார்த்தேன், தோல் சுத்தமாக இருக்கிறது. சூடு உள்ளே பட்டால் வெளியே தெரியச் சில நாள் ஆகும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. மூடித் தொலைத்தேன்.

மார்ச் 7
டீச்சர் கட்டுப் பிரிக்க வந்தார். அடித்துப் போட்ட மாதிரி உடம்பெல்லாம் வலியாம். "இந்த ஒரு இடம் மட்டும் வலியே இல்ல டாக்டர். என்ன கைராசியோ!" தொட்டும் காட்டினார். அதே இடம். உள்ளே நரம்பு வெந்திருந்தாலும் வலி தெரியாது.

மார்ச் 8
சொல்லிவிடலாம் என்று பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். "என்னம்மா?" என்றார். லீவு கேட்டுவிட்டு வந்தேன். சீ, நானெல்லாம் ஒரு ஜென்மம்.

மார்ச் 10
"யாரையோ கொன்னுட்டு வந்தவ மாதிரி முழிக்கிறியேடி" என்றாள் அக்கா. சிரித்துச் சமாளித்தேன். ஒண்ணும் ஆகாது. ஆகாதுதானே?

மார்ச் 15
டீச்சர் வந்தார். அதே இடத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டமாகக் கருத்திருந்தது. அவர் முகத்தில் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். வலிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டாராம், சுட்டதே தெரியவில்லையாம். "என் தப்புதான் டாக்டர். உங்க யார் பேரும் கெடக்கூடாதுன்னு பெரிய டாக்டர்கிட்ட எழுதியே கொடுத்துட்டேன்."

வெந்நீர்ப் பை இப்படிப் பொத்தான் அளவுக்குச் சுடாது. சொல்லுடி, இப்பவாவது சொல்லித் தொலை — வாயைத் திறந்தேன். "இனிமே கவனமா இருங்கம்மா" என்றேன். எவ்வளவு கனிவாக வந்தது என் குரல்!

அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினேன். டீச்சர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கையை எடுத்துட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டார்.

விரல் அங்கேயேதான் இருந்தது.

"எடுத்துட்டேம்மா" என்றேன்.