கை நனைக்காத மாப்பிள்ளை

லைட்ஹவுஸ் குப்பம்,
பழவேற்காடு.

என் கண்ணான எல்லப்பனுக்கு அம்மா ராஜம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கை குணசுந்தரி மூன்று பேரும் கங்கையம்மன் புண்ணியத்தில் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே பஹ்ரைனில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், பேச்சு உன் அத்தை ரங்கம்மாள் பக்கம் திரும்பியதும் போனைப் பிடுங்கி அங்கே வெயில் எப்படி, வேலை எப்படி என்று ஆரம்பித்துவிடுகிறார். கூடப் பிறந்த அக்காள் ஆயிற்றே, விட்டுக்கொடுக்க மனசு வருமா. அதனால்தான் லீவில் வந்திருந்த நம் குப்பத்து மூர்த்தி திரும்ப அங்கே வருகிறான் என்று தெரிந்ததும் கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி, படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

முதலில் உன்னைத்தான் திட்ட வேண்டும். உன் அறையில் கூட இருக்கிற தருமலிங்கத்தை, எண்ணூர்ப் பையன், நம்ம ஜனம்தான், குணாவுக்குப் பொருத்தமாக இருப்பான் என்று நீதான் சொன்னாய். சாராயம் தொடமாட்டான், பீடி சிகரெட் கிடையாது, அவன் வீட்டில் ஏதோ ஒரு சபைக்குப் போகிறார்கள், நல்ல மாதிரி என்றாய். நானும் சாராயம் தொடாதவன் என்ற ஒரு சொல்லிலேயே குளிர்ந்துபோனேன், நம் குப்பத்தில் அப்படி ஒருவனைக் காட்டு பார்க்கலாம். ஆனால் அதே பையன் காபியும் டீயும் தொடமாட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? இத்தனை வருஷம் ஒரே அறையில் அவனோடு படுத்து எழுந்திருக்கிறாய், நீ டீ போட்டுக் குடிக்கும்போது அவன் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்க மாட்டாயா? கேட்டால் மறந்துட்டேம்மா என்கிறாய். நீ மறந்ததில் இங்கே என்ன நடந்தது என்று கேள்.

லீவில் வந்தவன் அவன் அம்மாவோடு பெண் பார்க்க வந்தான். நம் பக்கத்து வழக்கம் உனக்கே தெரியும், வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தால் பெண் கையால் கொடுப்பதைக் குடித்துவிட்டுப் போவார்கள், பிடிக்கவில்லை என்றால் கை நனைக்காமல் எழுந்துவிடுவார்கள், வாயைத் திறந்து வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அதற்காகவே பொன்னேரிக்கு ஆள் அனுப்பி நல்ல காபித்தூள் வாங்கி, தண்ணீர் கலக்காத பாலில் நுரை பொங்க ஆற்றி வைத்திருந்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் கூடி நிற்கிறார்கள். உன் தங்கை அந்த மாம்பழ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு தட்டோடு போய் அவன் முன்னால் நின்றாள். அவன் சிரித்த முகமாக உள்ளங்கையை முன்னால் நீட்டிக் காட்டி வேணாங்க என்றான். அவன் அம்மாவும் வேணாம் என்றாள். குணா தட்டோடு நின்றாள் பார், எல்லப்பா, போகவும் முடியாமல் வைக்கவும் தெரியாமல், அதை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது. அதிரசத்தை மட்டும் ஆளுக்கு ஒன்று தின்றார்கள். அதிரசத்தை யார் பார்க்கிறார்கள், டம்ளர்தானே பேச்சு. அவர்கள் போன பிறகு ஏடு படிந்து கிடந்த அந்தக் காபியை நான் மணலில் கொட்டினேன், குணா புடவையை மாற்றிக்கொண்டு அப்பாவோடு உட்கார்ந்து வலை பிரிக்கப் போய்விட்டாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

இதோடு போயிருந்தாலும் பொறுத்திருப்பேன். டச்சுக்காரர் கல்லறைக்கு எதிரே உன் அத்தை கடை வைத்திருக்கிறாளே, பஸ்ஸுக்கு நின்றவர்கள் அங்கே போயிருக்கிறார்கள், வெயிலுக்கு அந்தப் பையன் ஒரு கோலா வாங்கிக் குடித்திருக்கிறான். அவ்வளவுதான், பொழுது சாய்வதற்குள் கோட்டைக்குப்பத்திலிருந்து தோணிரேவு வரைக்கும் செய்தி போய்விட்டது. என் தம்பி ஊட்டுல ஒரு வாய் தண்ணி தொடாதவன் என் கடையில வந்து மடக்கு மடக்குனு குடிக்கிறான், அந்தப் பொண்ணுகிட்ட இன்னா கொறையைக் கண்டானோ தெரியலியே என்று போகிற வருகிற ஆளையெல்லாம் நிறுத்திச் சொல்லியிருக்கிறாள். சொன்னதோடு நிற்காமல் மறுநாள் என் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து, விடு ராஜம்மா, கறுப்பா இருந்தா இன்னா, அவளுக்குன்னு ஒருத்தன் வராமலா பூடுவான் என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள். என் பெண் நிறத்தை என் வீட்டில் உட்கார்ந்து பேசுகிறாள். அன்றைக்குக் கங்கையம்மன் முன்னால் சூடம் ஏற்றிச் சொன்னேன், ரங்கம்மாள் நாலு பேர் முன்னால் தட்டோடு நிற்பதை என் கண்ணால் பார்க்கும்வரை காபி டீ தொடமாட்டேன் என்று.

சொன்னது சுலபம். மறுநாளே தலைவலி பிடித்துக்கொண்டது, கண்ணைத் திறக்க முடியவில்லை, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். ஆஸ்பத்திரி நர்ஸ் மார்கரெட் வந்து பார்த்துவிட்டு, இத்தினி வருசம் குடிச்ச காபியத் திடீர்னு நிறுத்தினா இப்பிடித்தான்க்கா, ஒரு டம்ளர் குடி, போய்டும் என்றாள். தொடமாட்டேன் என்றேன். அப்ப கோலா குடி, காபியில இருக்கற அதே சமாச்சாரந்தான் அதுலயும் இருக்குது என்றாள். குடித்தேன், கொஞ்ச நேரத்தில் தலைவலி காணாமல் போய்விட்டது. அப்பா சிரிக்கிறார், இன்னாடி இது, அதே மருந்து உள்ள போவுதே, உன் சத்தியம் கெட்டுப் பூட்ச்சா இல்லியா என்று. சாமி முன்னால் நான் சொன்னது காபி டீ, கோலாவைப் பற்றி நான் பேசவே இல்லை என்று சொல்லி வாயை அடைத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் எண்ணூரிலிருந்து அந்தப் பையனுடைய அம்மா போன் செய்தாள். ஏங்க, உங்க பொண்ணுக்கு எங்க புள்ளையப் புடிக்கலியாமே, நேர்ல சொல்லியிருக்கக் கூடாதா என்று வருத்தமாகக் கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் சொன்னது என்று கேட்டேன். உங்க நாத்தனார்தான் ஆள் விட்டுச் சொன்னாங்க, அவங்க பொண்ணு ஒண்ணு இருக்குதாம், வந்து பாருங்கன்னாங்க என்கிறாள். எல்லப்பா, எனக்குக் காது இரண்டும் அடைத்துப்போயிற்று. கை நனைக்காமல் போனது நீங்கள்தானே என்று நானும் கத்தினேன். அப்போதுதான் அவள், ஐயோ, எங்க சபையில காபி, டீ தொடமாட்டோமே, உங்க புள்ளை சொல்லியிருப்பான்னு இல்ல நெனச்சோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கழிந்ததும் அம்மாவும் பிள்ளையுமாக நேரில் வந்தார்கள். நான் விடவில்லை, நிற்க வைத்தே கேட்டேன், காபி ஆகாது, டீ ஆகாது, ரங்கம்மா கடை கோலா மட்டும் இன்னா அமிர்தமா என்று. பையன் கோபப்படவில்லை. அவர்கள் சபைக்கு மார்மன் சபை என்று பேராம், ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் அதை ஆரம்பித்தவர் சாராயம், புகையிலை, சூடான பானம் இதெல்லாம் உடம்புக்கு ஆகாது என்று தேவன் சொன்னதாகச் சொன்னாராம். சூடான பானம் என்றால் எது என்று கேட்டதற்கு அந்தக் காலத்துப் பெரியவர்கள் காபி, டீ என்று சொல்லிவிட்டார்களாம். அப்போது கோலா ஏது. அதனால் பச்சை டீயும் கூடாது, ஐஸ் போட்டுக் குளிரவைத்த காபியும் கூடாது, ஆனால் சூடாகப் பால் குடிக்கலாம், சுக்கு மல்லித் தண்ணீர் குடிக்கலாம். கோலாவையும் சேர்த்து விட்டவர்கள் சபைக்குள் இருக்கிறார்களாம், ஆனால் அதற்குத் தடை இல்லை என்று சபையே சொல்லிவிட்டதாம். உள்ளே இருப்பது ஒன்றுதானே என்று மார்கரெட் சொன்னதை நான் எடுத்துவிட்டேன். அதற்கு அவன், உள்ள இன்னா இருக்குதுன்றது இல்லம்மா, இது ரெண்டையும் தொடமாட்டேன்னு வாக்குக் குடுத்தேன், அதைக் காப்பாத்தறேன், அவ்ளோதான் என்றான். அதற்கு மேல் எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ரங்கம்மாளுக்காகக் காபியை விட்டுக் கோலா குடித்துக்கொண்டிருக்கிற எனக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும். குணா சுக்கு மல்லித் தண்ணீர் போட்டுக் கொண்டுவந்தாள், ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தான், இன்னொரு டம்ளர் கேட்டான். அவள் உள்ளே வந்து அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதாள், அன்றைக்கு அழாததையும் சேர்த்து.

மாப்பிள்ளைதான் லீவு முடிந்து அங்கே திரும்பிவிட்டானே, நிச்சயதார்த்தம் உன் லீவுக்குத்தான் வைத்திருக்கிறோம். நிச்சயத்தில் மாப்பிள்ளைக்கு முதல் டம்ளரை நீட்ட வேண்டியவள் பெண்ணின் அத்தை, அந்த வழக்கத்தை யாரும் மாற்ற முடியாது. உன் அத்தை செய்த துரோகம் எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. என் திட்டம் என்னவென்றால் அவளிடம் ஒன்றும் சொல்லாமல் காபியைக் கொடுத்து அனுப்புவது. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு அவள் பெருமையாகப் போய் நிற்கட்டும், பந்தல் முழுக்க ஜனம் பார்க்கட்டும், அவன் கையைக் காட்டி வேணாங்க என்று சொல்லட்டும், என் பெண் நின்ற மாதிரி அவள் தட்டோடு நிற்கட்டும். இதை நினைத்து நினைத்துத்தான் இத்தனை நாள் எனக்குச் சாப்பாடு இறங்கியது. ஆனால் குணா மோப்பம் பிடித்துவிட்டாள். அம்மா, அந்தக் கையை நான் ஒரு தடவ பாத்துட்டேன், அதை மறக்கறதுக்கு எனக்கு எவ்ளோ பாடு தெரியுமா, என் நிச்சயத்துல மறுபடியும் காட்ட வெக்காத என்றாள். அவள் எதையும் கேட்காத பெண், உனக்கே தெரியும்.

சரி, என் பெண்ணுக்காக அதை விட்டுவிட்டேன். ரங்கம்மாள் கையில் சுக்கு மல்லித் தண்ணீரையே கொடுக்கப் போகிறேன். தன் பெண்ணுக்கு என்று ஆள் விட்டுக் கேட்ட மாப்பிள்ளைக்கு அவளே தன் கையால் நீட்டட்டும், அவன் குடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். மாப்பிள்ளைக்குக் கொடுத்த பிறகு அடுத்த டம்ளர் யாருக்கு என்று நினைவிருக்கிறதா? பெண்ணைப் பெற்றவளுக்கு. அண்ணன் தம்பி வீட்டு உறவு விட்டுப்போகவில்லை என்று காட்ட அத்தைக்காரி காபி நீட்ட வேண்டும், பெற்றவள் வாங்கிக் குடிக்க வேண்டும். அவள் நீட்டுவாள், எல்லப்பா. இரண்டு குப்பத்து ஜனமும் பார்த்துக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை கை காட்ட வேண்டாம் என்றுதானே குணா சொன்னாள், என் கையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் சிரித்த முகமாக வேணாங்க அண்ணி என்பேன்.

அப்பாவிடம் மூச்சு விடாதே. அவர் இரண்டு நாள் பேசாமல் இருப்பார், பிறகு ஏரிக்குப் போவார், எறால் நன்றாகப் பட்டால் தானாகப் பேசுவார். நீ டிக்கெட் போட்டதும் சொல், தருமலிங்கமும் நீயும் ஒரே விமானத்தில் வாருங்கள். வெயிலில் தொப்பி போட்டுக்கொள், பொட்டலத்தில் இருக்கிற சென்னாக்குன்னிக் கருவாட்டை ஈரம் படாமல் வை. அம்மன் உன்னைக் கண் இமைபோலக் காக்கட்டும், உனக்கும் சீக்கிரம் ஒரு நல்லது நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
ராஜம்மா

பின்குறிப்பு: வரும்போது வழக்கம்போல எனக்கென்று காபித்தூள் வாங்கி வராதே. ரங்கம்மாள் தட்டோடு நின்றதும் என் சத்தியம் முடிந்துவிடும்தான். ஆனாலும் அவள் வீட்டுக்கு நான் எப்போது போனாலும் அவள் ஒரு டம்ளர் காபி கொண்டுவருவாள் அல்லவா, அதற்காக விட்டது விட்டதாகவே இருக்கட்டும்.