படியின் ஓரம் மட்டும் பழைய நிறம்

என் முனிராஜண்ணாவுக்கு,

நம்ம மரக்கடை மாடிப்படிக்கு அடர் பாலிஷ் போட்டுவிட்டேன். திட்டுவதானால் முதலில் திட்டிவிடுங்கள். மீதியை அப்புறம் சொல்கிறேன்.

மறக்கவில்லை அண்ணா. வேம்பையும் தேக்கையும் கலந்து, மேலே ரோஸ்வுட் கலர் அடித்து விற்றால் லாபம் என்று நான் சொன்னபோதெல்லாம், "ரேகை தெரியாத மரம் நம்ம கடையை விட்டு வெளியே போகக் கூடாதுடா" என்றவர் நீங்கள். பெங்களூரில் பங்களா இடித்தபோது வாங்கி வந்த இந்தப் படிக்கட்டையும் என்னை விற்கவிடவில்லை. கடைக்கு மேலே உங்கள் வீட்டுக்கே மாட்டி, வெளிர் பாலிஷ் போட்டீர்கள்.

இப்போது அது நடுவில் தேய்ந்து, மேலிருந்து பார்த்தால் எல்லாப் படியும் ஒரே பலகை போலத் தெரிந்தது. போன மாதம் அண்ணி கடைசி இரண்டு படியை ஒன்றென்று நினைத்துக் கால் வைத்துவிட்டார். கணுக்கால் வீக்கம்தான், பயப்படாதீர்கள். ஆனால் உங்கள் மகள் சுதா கிருஷ்ணகிரியிலிருந்து வந்து, பெட்டியே கட்டிவிட்டாள்.

"அம்மா இனிமே என்கூடத்தான், சித்தப்பா."

"அங்க வந்து நாள் பூரா டிவி பாக்கச் சொல்றியா?" என்றார் அண்ணி. நீங்கள் கண்மூடிய பிறகு அளவு நாடா அவர் கையில்தான். லோடு வந்தால் அவர் அளந்த பிறகுதான் இறக்குகிறோம். ஒரு அங்குலம் குறைந்தாலும் லாரி திரும்பிப் போகும். அவர் இல்லாமல் கடையா?

சுதாவிடம் ஒரு வாரம் கேட்டு வாங்கினேன். பாலிஷ்காரர் ரபீக்பாய் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அடர் நிறமானால் படி நன்றாகத் தெரியும் என்பது என் கணக்கு. மூன்று படி முடிந்ததும் அண்ணி மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, ஒரே இருட்டா இருக்கு, கிணறா வெட்டி வெச்சிருக்க?"

ரபீக்பாய் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வழி சொன்னதும் அண்ணிதான்: "ஓரத்தை மட்டும் சுரண்டி விடு."

இப்போது ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்குப் பழைய தேக்கு நிறம். உங்கள் ரேகை அப்படியே தெரிகிறது. இந்த யோசனை உங்களுக்கு முதலிலேயே வந்திருக்குமா? வந்திருந்தாலும், நான் மூன்று படியை வீணாக்கும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருப்பீர்களோ?

சுதா கீழே நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அம்மாவை மூன்று தடவை ஏறி இறங்க வைத்தாள். நாலாவது தடவை அண்ணி, "தள்ளி நில்லுடி, லோடு வந்திருக்கு" என்று அவளைத் தாண்டிப் போய்விட்டார்.

விற்கிற மரத்துக்கு இந்த நிறம் ஒருநாளும் ஏறாது, அண்ணா. இது என் வாக்கு.

சுதாவோடு பேசி முடித்தது இதுதான்: அண்ணி கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குவார், கையில் காபி டம்ளர் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை அந்த ஓரங்களைப் புதுப்பிப்பது என் பொறுப்பு. இதெல்லாம் நடக்கிறவரை அண்ணியின் பெட்டி பரண்மேலேயே இருக்கும்.

அண்ணி இன்னமும் அவசரக்காரன் என்று கூப்பிடும்
உங்கள் தம்பி,
கோவிந்தன்