ஆக்ஸாலிக் போட்டுக் கழுவிய பாறை

ஆம்பூர்,
ஆகஸ்ட் 18

அன்புத் தம்பி ஜோசுவாவுக்கு அக்கா ஹெலன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன், மனசு வரவில்லை. நீ சுகமாக இருப்பது தெரிகிறது. பத்து நாளாக என் போனை எடுக்காமல், ஒட்டகத்தோடு நின்று ஸ்டேட்டஸ் மட்டும் போடுகிறாய். அதனால்தான் உன் யூனிவர்சிட்டி விலாசத்துக்கே ரிஜிஸ்டர் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆகவேண்டும்.

கிறிஸ்டினா பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள். மாமா மாதிரி கெமிஸ்ட்ரி படிக்கிறேன் என்றாள். காமர்ஸ் போதும் என்று நான்தான் சொல்லிவிட்டேன்.

இனி கண்ணம்மாள் விஷயம். கணியம்பாடி மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவளை மறந்திருக்க மாட்டாய். போன கிறிஸ்துமஸ் லீவில் அந்தப் பாறையை உனக்குக் காட்டினது அவள்தான். திமில் வைத்த காளை ஒன்று, கம்பு பிடித்த ஆள் இரண்டு, எல்லாம் கல்லால் கொத்திப் போட்ட படம். அவள் கையால் களி வாங்கித் தின்றுகொண்டே, சவுதி பாலைவனத்தில் நீ செய்கிற வேலையை எங்கள் இரண்டு பேருக்கும் விளக்கினாய். வெயிலிலும் தூசியிலும் பாறைமேல் கறுப்பாக ஒரு தோல் படியும், அதில் மாங்கனீஸும் இரும்பும் இருக்கும் என்றாய். எவனோ கொத்திப் படம் போட்டால் அந்தத் தோல் பெயர்ந்துவிடும், பிறகு கொத்தின இடத்திலும் ஆயிரக்கணக்கான வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும், எவ்வளவு படிந்திருக்கிறது என்று மெஷினை வைத்துப் பார்த்தால் படத்தின் வயசு தெரியும் என்றாய். நம்ம மலையிலும் மெல்லிசாக அந்தத் தோல் இருக்கிறது என்று சின்னப்பிள்ளை மாதிரி குதித்தாய். ஜூன் மாதம் மெஷினோடும் புரொபசரோடும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாய்.

எல்லாம் சொன்னாய், அந்தக் கறுப்பில் கை வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. "கறுப்பு ஏறிப்போய் காளை சரியாவே தெரியலக்கா" என்று நாலு தடவை சொன்னாய். என் காதில் விழுந்தது அதுதான்.

இருபத்திரண்டு வருஷமாக டேனரியில் தோல் பதனிட்டுக் கிடக்கிறவள் நான். தோலில் இரும்புக் கறை விழுந்து கறுத்துவிட்டால் ஆக்ஸாலிக் ஆசிட் கரைத்துத் துடைப்போம், பளிச்சென்று ஆகிவிடும். வெளிநாட்டுப் புரொபசர் வருகிறாரே, தம்பி பெருமையாகக் காட்டட்டுமே என்று, மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு பொட்டலமும் பிரஷ்ஷுமாக பஸ் ஏறினேன். கண்ணம்மாள் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். நான் தேய்த்தேன். சாயங்காலத்துக்குள் காளை கொம்பு முதல் வால் வரை தெரிந்தது. நீ நேரில் பார்த்து அசந்து போகவேண்டும் என்று உன்னிடம் மூச்சு விடவில்லை.

ஜூனில் மெஷினை வைத்துப் பார்த்தீர்கள். மாங்கனீஸ் இல்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்து கேட்டாய், நான் மறைக்கவில்லை. அந்தப் படத்தின் வயசையே கழுவி ஊற்றிவிட்டேன் என்று புரிந்ததும் சோறு இறங்கவில்லை எனக்கு. அது என் தப்பு, சாகிற வரைக்கும் என் தப்புதான். ஆனால் நீ என்ன செய்தாய்? யாரோ விஷமிகள் செய்த வேலை என்று புரொபசரிடம் சொன்னாய். அதையே போலீஸில் புகாராக எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டாய்.

விஷமி கிடைத்துவிட்டாள். அந்த மலையில் தினமும் நடமாடுகிறவள் கண்ணம்மாள் ஒருத்திதானே. புதையல் ஆசையில் ஆசிட் ஊற்றினாளாம். ஆடு மேய்க்கிறவளுக்கு ஆக்ஸாலிக் எங்கே கிடைக்கும் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மூன்று வாரமாக தினமும் ஸ்டேஷனில் உட்கார வைக்கிறார்கள். மலைப்பக்கம் ஆடு ஓட்டவும் கூடாதாம். குட்டி இரண்டு செத்துவிட்டது. என் பேரைச் சொல்லிவிடு என்று போய்க் கெஞ்சினேன். "சொன்னா படிச்ச புள்ள பேரு கெட்டுடும்மா. என்னை இன்னா பண்ணிடப் போறாங்க" என்கிறாள்.

நானே ஸ்டேஷனுக்குப் போய் ஒப்புக்கொண்டேன். எஸ்.ஐ. நம்பவில்லை. ஆட்டுக்காரி உனக்கு என்ன உறவு, யார் சொல்லி அனுப்பினார்கள் என்று கேட்டார். புகார் கொடுத்தவரே எழுதித் தந்தால்தான் மாற்ற முடியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதைச் சொல்லத்தான் கடைசியாக உன்னைக் கூப்பிட்டேன். "உன் பேர எழுதினா என் வேலையே போய்டும்க்கா. படிக்காதவங்க கையில சிக்கினா இப்படித்தான் ஆகும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். ஆமாம், படிக்காதவள்தான். நீ படிக்கவேண்டும் என்று எட்டாவதோடு நின்று டேனரிக்குப் போனவள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் சொல்லிக் காட்டினதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், வலிக்கட்டும். எந்தக் காலத்திலோ கல்லைக் கொத்தினவனைக் கண்டுபிடிக்க பாலைவனம் பாலைவனமாக அலைகிறாய். மே மாதம் தேய்த்தவள் யார் என்று சொல்ல உனக்கு எந்த மெஷினும் வேண்டாம்.

நாலு வரி எழுது ஜோசுவா. கண்ணம்மாள் மேல் குற்றமில்லை, இன்னார் தெரியாமல் செய்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஸ்டேஷனில் உன் அக்கா என்று நான் வாய் திறக்கவில்லை. புரொபசரும் என்னைப் பார்த்ததில்லை. அதனால் அக்கா என்று எழுத வேண்டாம். ஆம்பூர் டேனரியில் வேலை செய்கிற ஹெலன் என்று ஒருத்தி, அவ்வளவு போதும். யார் வந்து கேட்டாலும் எனக்குத் தம்பி இல்லை என்றே சொல்லிக்கொள்கிறேன்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. கர்த்தர் உனக்குச் சமாதானம் கொடுக்கட்டும். நீ அந்த நாலு வரியை எழுதின பிறகு கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஹெலன்