முக்கிய வினாக்கள்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்று எழுத இன்று கை வரவில்லை. மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா? உட்கார்ந்தே வேலை பார்த்தால் வராமல் என்ன செய்யும், எழுந்து நடக்கச் சொல்.

அம்மா காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பதும் மறப்பதும் வயசுக் கோளாறு என்றுதான் உனக்குச் சொல்லி வந்தேன். மூளைக்குள் நீர் தேங்கி அழுத்துகிறதாம். மெல்லிய குழாய் ஒன்றை வைத்து அதை வயிற்றுக்கு இறக்கிவிட்டால் சிலருக்குச் சரியாகிறது, சிலருக்கு ஆவதில்லை. யாருக்கு ஆகும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடக்கிறது. ஞாபகத்தையும் நடையையும் சோதிப்பார்கள். முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை எடுத்துவிட்டு மறுபடி சோதிப்பார்கள். முன்னேற்றம் தெரிந்தால்தான் ஆபரேஷன்.

இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். முப்பத்தெட்டு வருஷம் டியூஷன் எடுத்தவன் சும்மா இருப்பானா? பேர் பதிந்த அன்றே என்னென்ன கேட்கிறார்கள் என்று காதைத் தீட்டிக் கேட்டு வந்து, முக்கிய வினாக்கள் என்று நோட்டில் எழுதி, இரண்டு வாரம் அவளை வறுத்தெடுத்தேன். உங்களைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு இந்த வயசில் பரீட்சை வேறா என்று தலையில் அடித்துக்கொண்டாலும், பாவம், படித்தாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னால் தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று ரயில் மாதிரி ஓட்டினாள். ஊசிக்கு முன்னும் கிட்டத்தட்ட முழு மதிப்பெண், பின்னும் அதே. நான் வராந்தாவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆராய்ச்சி டாக்டரம்மா வந்து, நடை கொஞ்சம் தேறியிருக்கிறது, ஞாபகத்தில் மாற்றமே இல்லை, ஆபரேஷனுக்குச் சிபாரிசு செய்ய முடியாது என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அங்கேயே நோட்டை நீட்டிவிட்டேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவங்களுக்கு என்ன தெரியலைன்னு தெரிஞ்சாத்தானே சார் வைத்தியம் பண்ண முடியும் என்று மட்டும் சொன்னார். மேலிடத்தில் பேசி, ஒரு மாதம் கழித்து வேறு கேள்விகளோடு முதலிலிருந்து சோதிக்க ஏற்பாடு செய்தார்.

போன செவ்வாய்க்கிழமை சோதனை. வாயே திறக்கக் கூடாது என்று சொல்லி என்னை மூலையில் உட்கார வைத்தார்கள். பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிள்ளைகள் இல்லை என்றாள்.

குட்டிம்மா, ஞாயிறுதோறும் போனில் உன் பேரைச் சொல்லி அவள் கூப்பிட்டதும், சாப்பிட்டாயா என்று கேட்டதும், நான் பக்கத்தில் நின்று காதில் ஓதியதுதான். எட்டு மாதமாக இப்படி. மறைத்தது தப்பு. உன்னை மறந்துவிட்டாள் என்று உன்னிடமே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்தத் தடவை நீரை எடுத்த மறுநாள் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். மதிப்பெண்ணும் ஏறியது. வருகிற இருபதாம் தேதி ஆபரேஷன். நடை நன்றாகிவிடும் என்கிறார்கள். ஞாபகம் எவ்வளவு திரும்பும் என்று அடித்துச் சொல்ல முடியாதாம். நீர் மறுபடி தேங்கி இரண்டே நாளில் பழையபடி ஆகிவிட்டாள், இப்போது என்னையே சில நேரம் யாரோ என்று பார்க்கிறாள். பயமாக இருக்கிறது குட்டிம்மா.

ஆனால் அந்த மறுநாள், தலைமுடியை மழிக்கப் போகிறார்கள் என்றதும், இதெல்லாம் குட்டிக்குத் தெரியுமா என்று கேட்டாள். மொட்டைத் தலையோடு உன் கண்ணில் படக் கூடாதாம். அவள் வந்தால் அழுது ஊரைக் கூட்டுவாள், வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டாம் என்று கண்டிப்பாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். சத்தியமாக, நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே சொன்னது.

அதனால் கட்டாயம் வா.

உன் வரவையே பார்த்திருக்கும்,
அப்பா