மேலுறையை எரித்து முகர்ந்த அண்ணிக்கு

காரமான பேச்சும் இளகிய மனசுமாக எங்களை ஆட்டிவைத்த என் அண்ணிக்கு,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்களோடு சண்டை போட வேண்டிவரும் என்று நான் நினைக்கவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்படிக்கூட ஒருத்தி மறைப்பாளா?

அன்று காலையில் பெங்களூர் ஈஜிபுரா வீட்டில் அண்ணனுக்குக் காபி போடலாம் என்று பாலை அடுப்பில் வைத்தேன். சன்னலோரம் உங்கள் மண்ணெண்ணெய் நீலப் புடவை மடித்து வைத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். பால் பொங்கி, அடிப்பிடித்து, தீய்ந்தே போயிற்று. அண்ணன் ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

"தீயுற வாசனை வரல உனக்கு? உனக்கும் உங்க அண்ணி மாதிரி ஆயிடுச்சா?" என்றார்.

"அண்ணி மாதிரின்னா?"

"அந்த விஷக்காய்ச்சல் வந்துச்சே, அதுக்கப்புறம் அவளுக்கு ஒரு வாசனையும் தெரியாதே. ரசத்துல பெருங்காயம் போதுமான்னு என்னைத்தான் கேப்பா. உங்கிட்ட சொல்லல?"

அண்ணன் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். நான் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இதை வேறு யாராவது படித்தால், ரசத்துக்குப் போய் இவ்வளவு அதிர்ச்சியா என்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் அண்ணியும் சின்ன ஷெட் ஒன்றில் தொழில் செய்தோம். வளைந்து கொடுக்கும் செம்புக் கேபிளை அளவாக வெட்டி, முனையில் பிளக் பூட்டி, மெஷின் வைத்திருப்பவர்களுக்குக் கொடுப்போம். உள்ளே செம்பு எல்லாவற்றுக்கும் செம்புதான். மேலே எந்த உறை என்பதில்தான் உயிர் இருக்கிறது. வீட்டு மிக்ஸிக்கு பிவிசி என்கிற பிளாஸ்டிக் உறை போதும். சூடும் எண்ணெயும் ஈரமும் இருக்கிற இடத்தில் பிவிசி போட்டால், முதலில் இளகும், பிறகு எண்ணெய் குடித்து விறைத்து வெடிக்கும். அங்கெல்லாம் நியோப்ரீன் ரப்பர்தான் வேண்டும்.

இரண்டும் கறுப்பு. நாங்கள் சரக்கு எடுக்கிற பேட்டைக் கடைவீதியில் சில வியாபாரிகள் பளபளப்பு இல்லாத பிவிசியை ரப்பர் என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள், மேலே அச்சடித்திருப்பதை நம்ப முடியாது. நெருப்பை எடுத்தால் இரண்டுமே அணைந்துவிடும், புகையும் ஒரே கறுப்பு. வாசனை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். உறையில் நகக்கண் அளவுக்குச் சீவி, தீக்குச்சியில் காட்டி, முகர்வோம். மூக்கைக் குத்தினால் பிவிசி, டயர் எரிகிற நாற்றம் வந்தால் ரப்பர். புதுச் சுருள் எது வந்தாலும் அண்ணி மூக்கைத் தாண்டித்தான் உள்ளே வரும். பேட்டையில் அவருக்கு 'மூக்கு அக்கா' என்றே பெயர்.

அந்த மூக்குதான் போய்விட்டது என்கிறார் அண்ணன். இப்போது புரிகிறதா நான் ஏன் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன் என்று?

அண்ணி, அன்று முழுக்க உங்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் நீங்கள் தீக்குச்சியை ஊதி அணைப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுவீர்கள். காய்ச்சலில் இருந்து எழுந்து வந்த பிறகு விளையாட்டை மாற்றினீர்கள். எரித்த துண்டை என் மூக்குக்கு நேராக நீட்டி, "நீ சொல்லுடி பாக்கலாம். தப்பா சொன்னா இன்னிக்கி காபி காசு உன்னுது" என்பீர்கள். நானும் வீராப்பாக, "டயர்!" என்பேன். "பரவால்லயே, தேறிட்டே" என்று சொல்லிவிட்டுச் சுருளை உள்ளே தள்ளுவீர்கள். எனக்கு எவ்வளவு பெருமை! உங்கள் மூக்குக்குச் சமமாக என் மூக்கும் வந்துவிட்டதென்று என் வீட்டுக்காரரிடம்கூட அளந்திருக்கிறேன்.

ஆக, அத்தனை நாளும் முகர்ந்தது நான் ஒருத்திதானா? ஜலதோஷத்தோடு வந்த நாளில் என்ன சொல்லித் தொலைத்தேன்? ஒவ்வொரு சுருளாக நினைத்துப் பார்த்தேன். ஜலதோஷம் என்றால் வாசலிலேயே, "போடி, நீராவி புடிச்சிட்டு நாளைக்கி வா" என்று நீங்கள் விரட்டியதும் ஞாபகம் வந்தது. நான் அதைப் பாசம் என்று நினைத்திருந்தேனே அண்ணி.

கொஞ்சம் மூச்சு வந்தது. அதற்குள் இன்னொன்று நினைவுக்கு வந்தது, வந்த மூச்சும் நின்றது. பிரேசர் டவுன் பேக்கரி! ரம்ஜானுக்கு முன்னால் அந்தக் கடை முதலாளி பாய் அவசரமாகக் கேட்டார், மாவு பிசையும் மெஷினுக்கு நீளக் கேபிள். அப்போது நான் மாமியாருக்கு உடம்பு முடியாமல் வேலூரில் இருந்தேன். நீங்கள் தனியாகத்தான் வாங்கினீர்கள், தனியாகத்தான் பூட்டிக் கொடுத்தீர்கள். யார் முகர்ந்தது? அங்கே அடுப்புச் சூடு, தரையெல்லாம் டால்டா, கழுவிவிட்ட தண்ணீர். பையன்கள் வெறுங்காலோடு நிற்பார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். உங்களை வழி முழுக்கத் திட்டினேன், வாய்விட்டே திட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

பாய் என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஆவோ பெஹன், உக்காருங்க. அண்ணி விஷயம் கேட்டு மனசே சரியில்ல" என்றார். நான் உட்காரவில்லை. "மெயினை அணைங்க பாய்" என்றேன். மெஷினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, உறையில் ஒரு சீவு எடுத்துத் தீயில் காட்டினேன். முகர்ந்தேன். ஒன்றுமே தெரியவில்லை. பன் வாசனை, ஏலக்காய் வாசனை, என் வியர்வை. மறுபடி எரித்தேன். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூக்கு மட்டும் செத்துக் கிடக்கிறது. எனக்கும் போய்விட்டதோ என்று அழுகையே வந்துவிட்டது.

பாய் என் கையிலிருந்து துண்டை வாங்கினார். "உங்க அண்ணியும் இதே ஜாகாலதான் நின்னாங்க. முதல்ல ஒரு வயர் கொண்டாந்தாங்க. எரிச்சு எங்க எல்லார் மூக்குகிட்டயும் காட்டினாங்க. மூக்கு எரியுதும்மான்னோம். அப்படியே சுருட்டி எடுத்துனு போயிட்டாங்க. மறுநாள் வேற வயரு."

"உங்களை எதுக்கு பாய் கேட்டாங்க?"

"'என் மூக்கு போயிடுச்சு பாய், உங்க மூக்கைக் கொஞ்சம் கடன் குடுங்க'ன்னாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

முன்பின் பழகாத பேக்கரி ஆட்கள் அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறீர்கள்! நாத்தனார் நான் என்ன அவ்வளவு வேண்டாதவளா?

அதையே கேட்டுவிட்டேன். "என்கிட்ட மட்டும் ஏன் பாய் சொல்லல?"

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "நானும் கேட்டேன் பெஹன். ஷெட்டுல உங்க நாத்தனார் இருக்காங்களேன்னு. சிரிச்சாங்க. 'அவ மூக்குலதான் பாய் கடையே ஓடுது. அது அவளுக்குத் தெரிஞ்சா பயந்துடுவா. பயந்தா மூக்கு வேலை செய்யாது'ன்னாங்க."

அண்ணி, கையில் எரிந்த துண்டோடு, ஒரு வாசனையும் தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் சொன்னபடியே.

மாவுக் கையோடு நின்ற கன்னடத்து ஆள் ஒருவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். "டயர் வாசனெ அக்கா, டயரே" என்றார். இன்னும் இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். பிளக்கைப் பூட்டிக் கொடுத்துவிட்டு, பாய் கொடுத்த பன்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஓசூர் ரோடு வந்ததும்தான் பன் வாசனை மூக்கில் ஏறியது. அங்கேயே அழுதேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் ஜெயித்த நாளெல்லாம் தெருமுக்கில் இருக்கிற தர்ஷினி ஓட்டலில் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்து, நீங்களும் ஒரு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, என்ன வாசனை!" என்பீர்களே. அதை எப்படிச் சொன்னீர்கள் அண்ணி?

நாளைக்கு அத்திபெலேயில் இருந்து ஒரு சுருள் வருகிறது. வண்டி கழுவுகிற இடத்துக்கு, தண்ணீரிலேயே கிடக்கப்போகிற கேபிள். பயம் வரும் என்று தெரியும். இனி எரித்த துண்டை முதலில் அண்ணன் முகரட்டும், பிறகு நான். சொல் ஒத்துப்போகாவிட்டால் தெருவில் போகிறவரைக் கூப்பிடுவேன், உங்களை மாதிரியே. என் மூக்கு ஒருநாள் போனால் அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். எதிரே உட்கார்ந்திருப்பவளை ஏமாற்றிக் காபி வாங்கிக் கொடுக்க மாட்டேன். இது சத்தியம்.

வேலை முடிந்ததும் தர்ஷினிக்குப் போய், முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன், உங்களுக்கும் சேர்த்து.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் நாத்தனார்