மிக்ஸி போடப் போறேன்

என் வீட்டு மகாராணிக்கு வணக்கம்.

நான் நலம். உன் இருமல் விட்டதா? அத்தையின் முழங்கால் வீக்கம் வற்றியதா?

எங்கள் படகு கரையில் நிற்கிறது. ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, கரையிலிருந்து கேபிள் இழுத்து மின்சாரம் எடுக்கிறோம். கரையில் பிளக் சின்னது, படகில் பெரியது. நடுவே ஒரு அடாப்டர். போன வாரம் கேப்டன் அதை மாட்டிய கையோடு ஏசி, வெந்நீர் ஹீட்டர், அடுப்பு எல்லாவற்றையும் போட்டுவிட்டார். அடாப்டர் கருகி வாடை வந்ததும் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். பயப்படாதே, என் மீசைகூடப் பொசுங்கவில்லை.

"கச்சிதமாப் பொருந்துச்சேப்பா!" என்றார்.

"பொருந்தும் கேப்டன். இவ்வளவு லோடு தாங்காது."

புது அடாப்டர் மாட்டி, நம் வீட்டுச் சட்டத்தையே படகிலும் போட்டுவிட்டேன். நான் அயர்ன் பண்ணும்போது நீ சமையலறையிலிருந்து "மிக்ஸி போடப் போறேன்!" என்று கத்துவாயே, அதேதான். மற்றவர் தான் போட்டிருப்பதை நிறுத்திவிட்டு "போடு" என்ற பிறகுதான் சுவிட்சைத் தொடலாம். கேப்டனே ஒழுங்காகக் கத்துகிறார்.

நேற்று அவர் வெளியே போயிருந்தார். நான் பழக்கத்தில் "கெட்டில் போடப் போறேன்!" என்று கத்திவிட்டு, சுவிட்சில் விரலை வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

ஏசிக் குளிருக்கு என் பழைய ஸ்வெட்டரை அனுப்பு. இதோ, கேப்டன் ஹீட்டருக்குக் கத்துகிறார். ஏசியை நிறுத்த ஓட வேண்டும். ஒன்று மட்டும்: ஞாயிற்றுக்கிழமை நான் போன் பண்ணும் நேரத்துக்குக் கொஞ்சம் மிக்ஸி வேலை மிச்சம் வை. போடுவதற்கு முன் ஒரு தடவை கத்து. இங்கிருந்து நான் "போடு" என்கிறேன்.

உன் எலக்ட்ரீஷியன்